ஒரு மிதவையா இரண்டா, ஓரடுக்கா ஈரடுக்கா: ஜப்பானியக் கடற்படை தன் வேவு விமானத்தைத் தேர்ந்த கதை

1933-ல் ஜப்பானியக் கடற்படை மூன்று கம்பெனிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டது. போர்க்கப்பலிலும் குரூஸரிலும் ஏற்றிச் செல்ல, இருவர் உட்காரக்கூடிய புது வேவு விமானம் வேண்டும். உங்களால் என்ன தர முடியும்? நகாஜிமா, ஐச்சி, கவானிஷி மூன்றும் மாதிரி கட்டின. நகாஜிமாவும் ஐச்சியும் பழைய வழியில் ஈரடுக்கு இறக்கை வைத்தன. கவானிஷி துணிந்து ஓரடுக்கு இறக்கைக்குப் போனது. 1934 மார்ச்சில் நகாஜிமாவின் மாதிரிகளோடு சோதனை தொடங்கியது. 1935 அக்டோபரில் முடிவு வந்தது. வென்றது நகாஜிமாவின் ஈரடுக்கு விமானம்.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உலகமே ஓரடுக்கு இறக்கைக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு கடற்படை ஏன் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்? விவரங்களைத் தோண்டத் தோண்ட என் கருத்து மாறிவிட்டது. அந்தத் தேர்வு சரி என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். எதற்குச் சரி, எதற்குப் போதாது என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கப் போகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வென்ற விமானத்தின் குறியீடு ஈ8என். ஈ என்றால் மிதவை கட்டிய வேவு விமானம், 8 அந்த வரிசையில் எட்டாவது வடிவமைப்பு, என் என்றால் நகாஜிமா. கடற்படையின் வழக்குப் பெயர் 95-ம் வகை வேவுக் கடல்விமானம். ஜப்பானின் பேரரசு ஆண்டுக் கணக்கில் 1935 என்பது 2595. அதன் கடைசி இரண்டு இலக்கங்கள்தான் 95. பிற்பாடு நேசநாட்டுப் படையினர் இதற்கு டேவ் என்று பெயர் வைத்தார்கள். மூன்றும் ஒரே விமானம்தான்.

கப்பல் என்ன கேட்டது

1922-ன் வாஷிங்டன் ஒப்பந்தம் பெரிய போர்க்கப்பல்களில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் 5 என்றால் ஜப்பானுக்கு 3 என்று கட்டிப்போட்டது. எண்ணிக்கையில் தோற்கும் கடற்படைக்கு ஒரே வழி, எதிரிக்கு முன்னால் பார்ப்பது, எதிரிக்கு முன்னால் சுடுவது. அங்கேதான் விமானம் வருகிறது.

கணக்கு எளிது. கடல்மட்டத்திலிருந்து 40 மீட்டர் உயரத்தில் நிற்கும் மனிதனுக்கு அடிவானம் சுமார் 22 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அக்காலப் பெரிய பீரங்கியோ 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் சுடும். அதாவது தான் எறியும் குண்டு எங்கே விழுகிறது என்பதைக் கப்பலால் நன்றாகப் பார்க்க முடியாது. 1,000 மீட்டர் உயரத்தில் வட்டமிடும் விமானத்துக்கு அடிவானம் 110 கிலோமீட்டருக்கு மேல் விரியும். குண்டு விழுந்து எழும் நீர்த்தூணைப் பார்த்து, இன்னும் 200 மீட்டர் தள்ளு, இடப்பக்கம் கொஞ்சம் கொண்டுவா என்று வானொலியில் சொல்ல அங்கே ஒருவர் இருந்தால் போதும், பீரங்கிக்குக் கண் கிடைத்துவிடும். ஆக, பின்னிருக்கையில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்தான் இந்த விமானத்தின் உண்மையான ஆயுதம். இயந்திரத் துப்பாக்கி, இறக்கைக்கு அடியில் தொங்கும் இரண்டு 30 கிலோ குண்டுகள் எல்லாம் இரண்டாம்பட்சம்.

அந்தப் பார்வையாளரை மேலே அனுப்பி, திரும்பக் கொண்டுவருவது எப்படி? கப்பலில் ஓடுதளம் கிடையாது. மேல்தளத்தில் இருக்கும் கவண் விமானத்தை ஒரே உதறலில் வீசி எறியும். ஜப்பானில் இந்தக் கவண் முதன்முதலில் பொருத்தப்பட்ட கப்பல் கினுகாசா குரூஸர், ஆண்டு 1928. திரும்பும் விமானம் கடலில் இறங்கி, அலையில் ஆடிக்கொண்டே கப்பலின் ஓரத்துக்கு வர வேண்டும். கிரேன் கொக்கி இறங்கும். பார்வையாளர் மேலே ஏறி நின்று அதைப் பிடித்து மாட்ட வேண்டும். கப்பலும் ஆடும், விமானமும் ஆடும். இத்தனையும் நடப்பது பசிபிக் பெருங்கடலில், எதிரி எந்தத் திசையில் என்று தெரியாத நேரத்தில்.

ஆக, கப்பல் கேட்ட நிபந்தனைகள் நான்கு. மெதுவான வேகத்திலும் காற்றில் நிற்க வேண்டும். கடல் கொந்தளித்தாலும் உடையாமல் இறங்க வேண்டும். கிரேனுக்கும் தளத்துக்கும் அடங்கும் அளவில் இருக்க வேண்டும். எஞ்சின் நம்பகமாக இருக்க வேண்டும். அதிவேகம் இந்தப் பட்டியலில் ஐந்தாவது. எது ஐந்தாவது என்பதை மறந்துவிட்டுப் பார்த்தால் இந்தத் தேர்வு புரியவே புரியாது.

எங்கிருந்து கற்றுக்கொள்வது: ஜெர்மனியா, அமெரிக்காவா

1935-ன் முடிவு ஒரே நாளில் எடுத்ததல்ல. அதற்கு முன் ஒரு பெரிய ஒப்பீடு நடந்திருந்தது, 1930 வாக்கில். அப்போது கப்பல்களில் இருந்தது நகாஜிமாவின் ஈ2என். மர உடல், இரட்டை மிதவை, மேல் இறக்கையைவிடக் கீழ் இறக்கை மிகச் சிறியது. கீழே பார்க்க வசதி என்பதால் அப்படி வைத்தார்கள். 80 கட்டினார்கள். ஜப்பானியரே வடிவமைத்த கப்பல் வேவு விமானம் என்ற வகையில் அதற்குப் பெருமை உண்டு. ஆனால் 300 குதிரைத்திறன் எஞ்சினோடு அது எவ்வளவு தூரம் போகும்?

அதற்குப் பதிலாக வந்த மூன்றுக்கும் கடற்படை 90-ம் வகை என்றே பெயரிட்டு, 1, 2, 3 என்று எண் கொடுத்தது. முதலாவது ஐச்சியின் ஈ3ஏ. ஐச்சி நாகோயாவில் கடிகாரம் செய்து வளர்ந்த கம்பெனி. ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹைங்கலோடு அதற்கு நெருக்கம். முதல் உலகப்போருக்குப் பின் வந்த வெர்சாய் ஒப்பந்தத்தால் சொந்த நாட்டில் கை கட்டப்பட்டிருந்த ஹைங்கலுக்கு ஜப்பான் நல்ல வாடிக்கையாளர். நாகாதோ போர்க்கப்பலின் பீரங்கிக் கோபுரத்தின் மேல் மேடை போட்டு விமானத்தை ஓடவிட்டுப் பார்த்த சோதனைகளிலும் ஹைங்கல் விமானம்தான் இருந்தது. அவருடைய எச்டி56 என்ற வடிவத்தைத்தான் ஐச்சியின் மிகி தெட்சுவோ ஜப்பானிய எஞ்சினுக்கு ஏற்ப மாற்றி அமைத்தார். பிடிப்பான, இலகுவான விமானம். ஆனால் பொருத்திய தெம்பூ எஞ்சின் சிறியது. 12 கட்டியதோடு கதை முடிந்தது.

மூன்றாவது கவானிஷி கட்டிய மூவர் விமானம், பழைய யோகோசுகா வடிவத்தின் நீட்சி. இருபது அளவில் வந்தது, பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவதுதான் நம் கதைக்கு வேண்டியது, நகாஜிமாவின் ஈ4என். நகாஜிமா அமெரிக்காவின் வாட் கம்பெனியிடமிருந்து ஓ2யூ கோர்செயர் விமானத்தின் உரிமையை வாங்கியிருந்தது. கோர்செயர் அமெரிக்கக் கடற்படையின் வேவு விமானம். சக்கரமும் மாட்டலாம், மிதவையும் மாட்டலாம். அதன் முக்கியமான சொத்து, சிலிண்டர்கள் வட்டமாக அமைந்து காற்றால் குளிரும் ரேடியல் எஞ்சின். தண்ணீர்த் தொட்டி இல்லை, குழாய் இல்லை, ஒழுகல் இல்லை. உப்புத் தண்ணீருக்கு நடுவே, சிறு தளத்தில், கைவிளக்கு வெளிச்சத்தில் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று யோசித்துப் பாருங்கள்.

எஞ்சின் பக்கத்தில் நகாஜிமாவுக்கு இன்னொரு பலம் இருந்தது. பிரிட்டனின் பிரிஸ்டல் ஜூபிட்டர் எஞ்சினை உரிமத்தில் கட்டிக் கற்றுக்கொண்டு, அமெரிக்க வாஸ்ப் எஞ்சினின் பாடங்களையும் சேர்த்து, கொத்தோபுகி என்ற ஒன்பது சிலிண்டர் எஞ்சினை உருவாக்கியிருந்தார்கள். கொத்தோபுகி என்றால் மங்கல வாழ்த்து, நீண்ட ஆயுள். அந்தச் சீன எழுத்தை 'ஜூ' என்றும் வாசிக்கலாம். ஜூபிட்டரின் முதல் ஒலி. ஆசானுக்குச் செய்த மரியாதையை எஞ்சினின் பெயருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

ஜெர்மன் வழியா அமெரிக்க வழியா என்ற கேள்விக்குப் பதிலை எஞ்சின்தான் சொன்னது. இறக்கை வடிவத்தில் ஹைங்கல் ஒன்றும் குறைந்தவர் அல்ல. ஆனால் 460 குதிரைத்திறன் தரும் சொந்த ரேடியல் எஞ்சின் கையில் இருக்கும்போது 300 அளவிலான எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஒரு மிதவையா, இரண்டா

நகாஜிமா இங்கே ஒரு அருமையான காரியம் செய்தது. ஒரே வகை எண்ணுக்குள் இரண்டு விதமாகவும் கட்டிப் பார்த்தது. 1930-ல் பறந்த ஈ4என்1 இரட்டை மிதவை விமானம். எஞ்சினைச் சுற்றி மூடியும் இல்லை. இரண்டே இரண்டு கட்டினார்கள். அடுத்து வந்த ஈ4என்2 கோர்செயர் பாணியில் நடுவில் ஒரே பெரிய மிதவை, இறக்கை நுனிகளில் இரண்டு குட்டி மிதவைகள். 1931-ல் கடற்படை ஏற்றுக்கொண்டது இதைத்தான்.

ஏன் என்று கேட்டால், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும்.

இரட்டை மிதவை விமானம் தண்ணீரில் நிலையாக நிற்கும். பக்கக் காற்று அடித்தாலும் சாயாது. நடு வயிறு காலியாக இருப்பதால் அங்கே குண்டோ டார்ப்பிடோவோ தொங்கவிடலாம். இறக்கை நுனியில் எந்தச் சுமையும் இல்லை. துறைமுகத்திலும் ஆற்று முகத்திலும் பெரிய விமானங்களிலும் இதுதான் மேல்.

ஆனால் திறந்த கடலில் அலை நேர்க்கோட்டில் வராது. ஒரு மிதவை அலையின் முகட்டில் மோதும்போது மற்றது பள்ளத்தில் இருக்கும். அந்த முறுக்கு விசை முழுவதும் தாங்குகோல்கள் வழியாக உடலுக்கு ஏறும். அதைத் தாங்க எல்லாவற்றையும் கனமாகக் கட்ட வேண்டும். ஒற்றை மிதவையில் அடி நடுவில் விழுகிறது, நேராக உடலின் முதுகெலும்புக்குப் போகிறது. கவணும் அப்படித்தான்: நடுமிதவையைத் தாங்கும் தொட்டில் குறுகலானது, உந்துதல் நடுக்கோட்டில் செல்கிறது. தாங்குகோல்கள் குறைவதால் காற்றுத் தடையும் குறைகிறது.

ஒற்றை மிதவைக்குப் பலவீனம் உண்டு. நின்றுகொண்டிருக்கும்போது எப்போதும் ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். மெதுவாக ஓடும்போது பக்கக் காற்று தூக்கினால் இறக்கை நுனி மிதவை தண்ணீரில் அறைந்து பிய்ந்துபோகக்கூடும். விமானிக்குக் கைப்பழக்கம் வேண்டும். கடற்படை இந்தப் பலவீனத்தைப் பயிற்சியால் சரிக்கட்டலாம் என்று எடுத்துக்கொண்டது. அதில் நியாயம் இருக்கிறது: விமானிக்குச் சொல்லிக்கொடுக்கலாம், அலைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஜெர்மனி சில ஆண்டுகள் கழித்து இதே கேள்வியை எதிர்கொண்டு எதிர்ப் பதிலைத் தேர்ந்தது. ஆராடோ 196-ஐ இரட்டை மிதவையிலும் ஒற்றை மிதவையிலும் கட்டிப் பார்த்து, இரட்டையைப் பெருமளவில் கட்டியது. அது தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஒரே கேள்விக்குக் கப்பலைப் பொறுத்து, கடலைப் பொறுத்து விடை மாறும்.

ஈ4என்2 மொத்தக் கணக்கில் 150 சொச்சம் வந்தது. சில விமானங்களுக்கு மிதவையைக் கழற்றிச் சக்கரம் மாட்டினார்கள். சில தபால் விமானங்களாகவும் மாறின. வேகம் மணிக்கு 230 கிலோமீட்டர் அளவில். சரி, இதை எப்படி அடுத்த படிக்குக் கொண்டுபோவது?

ஓரடுக்கா, ஈரடுக்கா

இங்கேதான் 1933-ன் கேள்வி வருகிறது.

நகாஜிமா புரட்சி எதுவும் செய்யவில்லை. ஈ4என்2-ஐ எடுத்து இழைத்தது. இறக்கை நீளம் 10.98 மீட்டர், அதே அளவு. பரப்பை மட்டும் சுமார் 29.7 சதுர மீட்டரிலிருந்து 26.5-க்குக் குறைத்தார்கள். வாலை உயர்த்தினார்கள். 600 குதிரைத்திறன் அளவுக்கு வளர்ந்திருந்த கொத்தோபுகியை வைத்தார்கள். வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தொட்டது. எடை 1,900 கிலோ. அதாவது ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமப்பது 72 கிலோதான். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விமானம் எவ்வளவு மெதுவாக இறங்கலாம், எவ்வளவு சுருக்கமாகத் திரும்பலாம் என்பதெல்லாம் பெரும்பாலும் இதைப் பொறுத்தவை.

கவானிஷியின் ஈ8கே காகிதத்தில் அழகு. கம்பியும் தாங்குகோலும் இல்லாத இறக்கை காற்றை எளிதில் கிழிக்கும். ஆனால் 1933-ல் அப்படி ஓர் இறக்கை கட்ட என்ன விலை? ஈரடுக்கு இறக்கை என்பது ஒரு பெட்டிச் சட்டம். மேல் இறக்கை, கீழ் இறக்கை, நடுவில் தாங்குகோல், குறுக்கே கம்பி. நான்கும் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் ஒவ்வொன்றும் மெலிதாக இருக்கலாம். ஓரடுக்கு இறக்கை தனியாக நின்று அத்தனை வளைவையும் தாங்க வேண்டும். அதற்குத் தடிப்பான உத்தரம் வேண்டும், எடை ஏறும். அதே பரப்பு வேண்டுமென்றால் நீளம் கூடும். நீளம் கூடினால் கிரேனிலும் தளத்திலும் இடிக்கும். நீளத்தைக் குறைத்தால் பரப்பு குறைந்து இறங்கும் வேகம் ஏறும்.

இறங்கும் வேகம் ஏறினால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு, மணிக்கு 90 கிலோமீட்டரில் இறங்கிய விமானம் 110-ல் இறங்க வேண்டியிருந்தால், அலையில் மோதும் ஆற்றல் ஒன்றரை மடங்காகிறது. காரணம், ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பின்பற்றும். 20 கிலோமீட்டர் என்பது கேட்கச் சின்னதாகத் தெரியும். மிதவையின் தாங்குகோலுக்கு அது சின்ன விஷயமே இல்லை. கவணுக்கும் இதே கதைதான், அதிக வேகத்தில் எறிந்தாக வேண்டும்.

அப்புறம், ஓரடுக்கு இறக்கையின் பலன் எப்போது தெரியும்? வேகத்தில். காற்றுத் தடையும் வேகத்தின் இருபடியாக ஏறும். 450 கிலோமீட்டரில் பறக்கும் போர்விமானத்துக்குக் கம்பிகளை அகற்றுவது வாழ்வா சாவா என்ற கேள்வி. 300-ல் பறப்பது, அதுவும் வயிற்றில் ஒரு படகையே கட்டிக்கொண்டு பறப்பது வேறு. மிதவை உண்டாக்கும் தடைக்கு முன்னால் நான்கைந்து கம்பிகளின் தடை பெரிய வித்தியாசம் இல்லை.

கடற்படையின் பழமைப் பிடிவாதம்தான் காரணம் என்று சிலர் எழுதுவதுண்டு. நான் இதை முழுவதுமாக மறுக்கிறேன். அதே கடற்படை, அதே நாட்களில், மிட்சுபிஷியின் ஹோரிகோஷி ஜிரோ வடிவமைத்த ஓரடுக்குப் போர்விமானத்தைக் கைதட்டி ஏற்றுக்கொண்டது. அது முதலில் பறந்தது 1935 பிப்ரவரியில். மணிக்கு 440 கிலோமீட்டரைத் தாண்டி எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது. புதியதற்குப் பயந்த கடற்படை அதைச் செய்திருக்காது. போர்விமானத்துக்கு ஒரு விடை, மிதவை விமானத்துக்கு வேறு விடை என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அவர்களிடம் இருந்தது.

அமெரிக்காவும் அப்போது இதே முடிவுக்குத்தான் வந்தது. கர்ட்டிஸ் சீகல் ஒற்றை மிதவை, ஈரடுக்கு இறக்கை. 1935-ல் கப்பலேறி உலகப்போர் முழுவதும் ஓடியது.

முடிவை விளைவிலும் பார்க்கலாம். ஈ8என் 755 விமானங்கள் வந்தன, நகாஜிமாவிலும், தோற்ற கவானிஷியின் தொழிற்சாலையிலும். உற்பத்தி 1940 வரை நீண்டது. 1937-ல் சீனப் போர் தொடங்கியதும் இவை பீரங்கிக்குக் குறி சொன்னது மட்டுமல்ல, குண்டு போட்டன, சீனப் போர்விமானங்களை எதிர்கொண்டு வீழ்த்தியதாகவும் உரிமை கொண்டாடின. வேவு விமானம் ஒன்று போர்விமானத்தோடு வளைந்து வளைந்து மோத முடிந்ததற்குக் காரணம் நான் மேலே நினைவில் வைக்கச் சொன்ன அந்த 72 கிலோதான். ஆனால் இதைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தக் குண்டுகளுக்குக் கீழே சீனத்தின் ஊர்கள் இருந்தன.

பக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வு: தூரம்

கடற்படை எல்லா வேலையையும் இந்தச் சிறு விமானத்தின் தலையில் கட்டவில்லை. தொலைதூரத் தேடலுக்கு மூவர் விமானம் ஒன்றைத் தனியாகத் தேர்ந்தது: கவானிஷியின் ஈ7கே, 94-ம் வகை. இறக்கை நீளம் 14 மீட்டர், இரட்டை மிதவை, எடை 3 டன். விமானி, பார்வையாளர், வானொலி இயக்குபவர் என மூவர். இதன் முதல் பறப்பு 1933 பிப்ரவரி. 1935-ல் சேவைக்கு வந்தது.

வடிவம் நல்லது, எஞ்சின் சொதப்பியது. தண்ணீரால் குளிரும் ஹிரோ 91 எஞ்சினை வைத்திருந்தார்கள். அது நம்பகமாக ஓடவில்லை. அதிகத் திறன் தரும் வடிவத்தை வைத்தும் சரியாகவில்லை. 1938-ல் மிட்சுபிஷியின் 870 குதிரைத்திறன் ஸுயிசெய் ரேடியல் எஞ்சினை மாட்டிய பிறகுதான் விமானம் மூச்சுவிட்டது. முதல் வடிவம் 183, இரண்டாவது வடிவம் சுமார் 350 என்ற எண்ணிக்கையே யார் வென்றது என்று சொல்லிவிடும். நகாஜிமா ஆரம்பத்திலேயே ரேடியலைப் பிடித்துக்கொண்டதன் அருமை இதோடு ஒப்பிடும்போதுதான் முழுதாகத் தெரிகிறது.

தூரத்தில் இரண்டுக்கும் நடுவே ஏணி வைத்தாலும் எட்டாத இடைவெளி. ஈ8என் போகக்கூடியது மொத்தம் 900 கிலோமீட்டர். ரேடியல் மாட்டிய ஈ7கே 1,800-ஐத் தாண்டும். ஒரு கப்பலின் தலைவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எதை எடுப்பது? பீரங்கிச் சண்டைக்குப் போகிறவர் ஈ8என்-ஐ எடுக்க வேண்டும். சிறியது, கிரேனில் சட்டென்று ஏறும், எதிரி விமானத்தைச் சமாளிக்கும். கண்ணுக்குத் தெரியாத கப்பல்கூட்டத்தைத் தேடுகிறவர் ஈ7கே-ஐ எடுக்க வேண்டும். 30 கிலோமீட்டர் தூரத்தில் குறி பார்க்கும் வேலைக்கு 1,800 கிலோமீட்டர் எரிபொருளைச் சுமப்பது வீண். 500 கிலோமீட்டர் தூரத்தில் தேட ஈ8என்-ஐ அனுப்புவது அதைவிட மோசம், ஏனென்றால் அது போய்த் திரும்பவே முடியாது.

போர்க்கப்பல்கள் சிறியதை எடுத்தன. அவற்றின் வேலை பீரங்கி என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

இரண்டு மாத இடைவெளியில் இரண்டு காலைப்பொழுதுகள்

1942-ல் ஈ8என் பழைய விமானம். மிட்சுபிஷியின் எஃப்1எம் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அதுவும் ஈரடுக்கு, அதுவும் ஒற்றை மிதவை. 1936-ல் முதலில் பறந்து, தண்ணீரிலும் காற்றிலும் தடுமாறி, இறக்கையையும் வாலையும் மாற்றியமைத்து, 1940-ல்தான் ஏற்கப்பட்டது. வேகம் 370 கிலோமீட்டர், மொத்தம் 944 கட்டினார்கள். 1933-ன் விடை 1940-லும் செல்லுபடியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தொலைதூரத் தேடலுக்கு மட்டும் ஓரடுக்கு இறக்கை கொண்ட ஐச்சி ஈ13ஏ வந்துவிட்டது. அதன் பறப்புத் தூரம் 2,000 கிலோமீட்டருக்கு மேல்.

ஹருணா போர்க்கப்பலில் இன்னமும் ஈ8என்தான் இருந்தது. 1942 ஏப்ரலில் அந்தக் கப்பல் இந்தியப் பெருங்கடலில், இலங்கையைத் தாக்க வந்த படையில் இருந்தது. ஏப்ரல் 9 காலை திருகோணமலை மீது குண்டு விழுந்த அதே நேரத்தில், மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைக் கண்டுபிடித்தது ஹருணாவிலிருந்து கிளம்பிய வேவு விமானம். ஹெர்மிஸில் அன்று ஒரு விமானம்கூட இல்லை. செய்தி போனது, குண்டுவீச்சு விமானங்கள் வந்தன, கப்பல் மூழ்கியது. 300-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் சிதைவு இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கிறது. முக்குளிப்பவர்கள் போய்ப் பார்க்கிறார்கள். நெடுந்தூரத் தேடல் தேவைப்படாத இடத்தில், கரையோரமாகப் போகும் கப்பலைக் கண்டுபிடித்துச் சொல்வது அந்தச் சிறு விமானத்தின் திறனுக்குள் அடங்கிய வேலை.

ஜூன் 4, பசிபிக்கில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவு. அட்மிரல் நகுமோவின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் தாக்குதலுக்குத் தயாராக இருந்தன. அவற்றின் விமானங்களைத் தேடலில் வீணாக்கக் கூடாது, தாக்கத்தான் அவை என்பது ஜப்பானியக் கடற்படையின் நெடுநாள் கொள்கை. தேடுவதைப் பெரும்பாலும் மிதவை விமானங்கள் பார்த்துக்கொள்ளும். அன்று காலை அனுப்பியவை மொத்தம் ஏழு. அகாகி, காகா விமானந்தாங்கிகள் ஆளுக்கு ஒன்று, தோனே, சிக்குமா குரூஸர்கள் ஆளுக்கு இரண்டு, ஹருணா ஒன்று. ஆறு விமானங்களுக்கு 300 கடல் மைல் தூரம் போகும் பாதை. ஏழாவதான ஹருணாவின் ஈ8என்னுக்கு 150 மைல் மட்டும். அதற்கு மேல் அதனால் போக முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

மிட்வே தோல்வி அந்த விமானத்தால் வந்தது என்று சொல்வது அநியாயம். தோனேயின் 4-ம் எண் விமானம் தாமதமாகக் கிளம்பியது உட்பட அதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒரு தேர்வை எடைபோடும்போது நான் இந்த 150-ஐத்தான் முன்னால் வைப்பேன். 1933-ல் கேட்ட கேள்வி, பீரங்கிக்குக் கண் வேண்டும் என்பது. அதற்கு ஒற்றை மிதவை, ஈரடுக்கு இறக்கை, காற்றால் குளிரும் எஞ்சின் என்று கிடைத்த விடையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இன்று அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாலும் ஈ8கே-ஐ ஒதுக்கி ஈ8என்-ஐத்தான் எடுப்பேன். மாற்றுவதென்றால் ஒன்றை மட்டும் மாற்றுவேன்: விமானந்தாங்கிகளோடு சேர்ந்து போகும் போர்க்கப்பல்களில் 1938 முதலே ரேடியல் மாட்டிய ஈ7கே-ஐ ஒன்றாவது வைத்திருப்பேன். தளத்தில் இடம் நெருக்கும், கிரேன் திணறும், கப்பல் தலைவர் முணுமுணுப்பார். ஆனாலும் வைத்திருப்பேன்.

இன்னொரு ஈ8என் ஜப்பானியக் கொடி இல்லாமலேயே கடலில் சுற்றியது. 1941-ன் தொடக்கத்தில் டோக்கியோவில் இருந்த ஜெர்மன் கடற்படைத் தூதர் வெனெக்கர் ஒரு ஈ8என்னை விலைக்கு வாங்கி, மூன்ஸ்டர்லாந்து என்ற சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். மரியானா தீவுகளில் மவுக் என்ற இடத்தில், பிப்ரவரி 1 அன்று, வணிகக் கப்பல் வேடத்தில் திரிந்த ஓரியன் தாக்குதல் கப்பலிடம் அது சேர்ந்தது. ஓரியனில் கவண் இல்லாவிட்டாலும் கவலையில்லை: கிரேனில் இறக்கி, தண்ணீரிலேயே ஓடி எழும்பிவிடும் விமானம் அது.